நானூற்றைம்பது வாட் மரியாதை

என் மாமியார் ஓட்டிக்கொண்டிருந்த விமானத்தை, ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்த நேரம் பார்த்து, நான் விழவைத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. உதவி செய்யப்போய்ச் செய்தது. நான் இதுவரை செய்த நாசமெல்லாம் அந்த வகையில்தான் வரும்.

விமானம் நிஜமில்லை, கம்ப்யூட்டரில் ஓட்டுவது. ஆனால் அத்தை முன்னால் அப்படிச் சொல்லிவிட முடியாது. இணையத்தில் அவரைப் போலவே ஓட்டுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் வரிசையாகக் கிளம்பி, வரிசையாக இறங்குவார்கள். அன்றைக்கு அத்தைதான் முதலில் இறங்க வேண்டும். திரையில் மேகம் விலகியது. மழையில் நனைந்த ஓடுபாதை விளக்குகள் ஈரத்தில் இழுபட்டுப் பளபளத்தன. "சக்கரம் இறக்கியாச்சு" என்று அத்தை மைக்கில் சொன்னார். நான் அவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, அந்த மழைக்கே நான்தான் காரணம் என்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன். ஒருவகையில் உண்மைதான். மழைத்துளியைத் துளித்துளியாகக் காட்டுகிற அந்தப் புது கிராபிக்ஸ் கார்டை நான்தான் வாங்கினேன், நான்தான் மாட்டினேன்.

டப்.

திரை கறுத்தது. மேசைக்கடியிலிருந்து பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம் மெதுவாக எழுந்து வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. அத்தை ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கறுத்த திரையைப் பார்த்தார். அதில் என் முகம்தான் தெரிந்திருக்கும்.

"பரவாயில்லை மாப்பிள்ளை" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டுவரும் சொல் இது. நான் அவருடைய மூக்குக்கண்ணாடியின் மேல் உட்கார்ந்தபோதும் பரவாயில்லை. ரயில் நிலையத்துக்கு அவரை அழைத்துவரப் போகிறேன் என்று போய், வேறொரு அம்மாளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோதும் பரவாயில்லை. நான் பக்கத்தில் நின்றாலும், "மாப்பிள்ளைக்கு டீ வேணுமான்னு கேளு" என்று தன் மகளிடம்தான் சொல்வார். நான் எது கேட்டாலும் "உங்க இஷ்டம்." இத்தனைக்கும் அவர் பஸ் டிப்போவில் வண்டிகளுக்கு நேரம் குறித்து அனுப்புகிற வேலையில் இருந்தவர். தாமதமாக வந்த டிரைவர்கள் அவர் ஜன்னலைத் தாண்டும்போது குனிந்துகொண்டு போவார்களாம். அந்த அம்மாவை என் மனைவிக்குத் தெரியும். எனக்கு வாய்த்தது வேறு ஆள்.

புகை நாற்றத்துக்கு மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

"அம்மா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லடி."

"ஒண்ணுமில்லாததுக்கு இவ்வளவு புகையா?" என்று ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனாள்.

கார்டு எரிந்தால் எரியட்டும் என்று விட்டுவிட்டு நான் சாப்பிட உட்கார்ந்திருக்கலாம். முடியவில்லை. ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அத்தை ஒரு முடிவு சொல்ல வேண்டியிருந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் டிப்போ குடியிருப்பைக் காலி செய்துவிட்டு, ஒரு பெட்டியும் ஒரு கம்ப்யூட்டருமாக எங்கள் வீட்டின் சின்ன அறைக்கு வந்தார். தற்காலிகமாக என்றுதான் பேச்சு. இப்போது மச்சான், அதாவது அவருடைய மகன், வேறு ஊரில் புது வீடு எடுக்கிறான். அம்மா வந்தால் ஒரு அறை கூடுதலாக உள்ள வீடு, வராவிட்டால் சின்ன வீடு. வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்ல வேண்டும். அம்மாவைக் கேட்டான், "பார்க்கலாம்ப்பா" என்றார். என்னைக் கேட்டான், "அவங்க இஷ்டம் மச்சான்" என்றேன். தன் தங்கையை, அதாவது என் மனைவியைக் கேட்டான், "அம்மா எங்க இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்" என்றாள். எங்கள் குடும்பத்தில் 'ஆமாம்' என்ற சொல்லையும் 'இல்லை' என்ற சொல்லையும் விருந்தாளிக்கு எடுத்து வைத்திருக்கும் கோப்பை மாதிரி அலமாரியிலேயே வைத்திருக்கிறோம்.

எனக்கு அவர் இருக்க வேண்டும். சாயங்காலங்களில் அடுத்த அறையிலிருந்து, "எரிபொருள் சரி, இறக்கை சரி, கதவு சரி" என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிற அந்தக் குரல் கேட்கும்போது, உலகத்தில் யாரோ ஒருவர் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று மனசு அடங்கும். ஆனால் 'இங்கேயே இருங்க அத்தை' என்று வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் கிராபிக்ஸ் கார்டு வாங்கிக் கொடுத்தேன்.

மாட்டுவதற்கு முன்னால், கம்ப்யூட்டருக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டியைப் பற்றி அவரிடம் கேட்கத்தான் செய்தேன். "பழைய பவர் சப்ளையே போதும்தானே அத்தை? நானூத்தம்பது வாட் இருக்கு."

அவர் கார்டு வந்த பெட்டியைப் பார்த்தார். அறுநூற்றைம்பது வாட் தேவை என்று அதன் பக்கவாட்டில், அடுத்த தெருவிலிருந்து படிக்கிற அளவுக்கு எழுதியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை பார்த்துச் செஞ்சா சரியாத்தான் இருக்கும்."

நான் பார்த்துத்தான் செய்தேன். கார்டுக்கு இருநூற்றிருபது. ப்ராசசருக்கு நூற்றிருபது. விசிறி, ஹார்டு டிஸ்க், இத்யாதி அறுபது. மொத்தம் நானூறு. நானூற்றைம்பது, நானூறைவிடப் பெரியது. இதற்குமேல் என்ன கணக்கு? பெட்டியில் எழுதுகிறவர்கள் பயந்தாங்கொள்ளிகள் என்று முடிவுகட்டினேன். கார்டில் எட்டு முனை உள்ள வயரைச் செருக வேண்டும்; பழைய பவர் சப்ளையில் அப்படி ஒரு வயரே இல்லை. அது ஒரு எச்சரிக்கை என்று யாருக்கும் புரியும். எனக்கு அது ஒரு சவாலாகப் புரிந்தது. ஹார்டு டிஸ்க்குக்குப் போகிற இரண்டு வயரைச் சேர்த்து எட்டு முனையாக்குகிற ஒட்டு வயர் ஒன்றை வாங்கிவந்து செருகினேன். கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது. என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். கார்டு சும்மா உட்கார்ந்திருந்த வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. மழை, மேகம், ஓடுபாதை எல்லாம் ஒன்றாக வந்து அது நிஜமாக உழைக்க ஆரம்பித்ததும்தான் டப்.

சனிக்கிழமை காலை ஆபீசில் நான் நாற்காலியில் இருந்ததைவிட நின்றதுதான் அதிகம். வாகன விபத்துக்கு இழப்பீடு கேட்டு வருகிறவர்களை விசாரிப்பது என் வேலை. "எப்படி இடிச்சீங்க?" என்றால், "நான் இடிக்கலை சார், அது இடிச்சிருச்சு" என்பார்கள். அன்றைக்கு வந்தவர், சுவர்தான் தன் வண்டியை நோக்கி வந்தது என்கிற தொனியில் பேசினார். அவருடைய வேதனை எனக்குப் புரிந்தது. கேட்டதையெல்லாம் எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டு, எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்காரரிடம் போனேன்.

கதையைக் கேட்டுவிட்டு அவர் உச்சுக்கொட்டினார். "நானூத்தம்பதுன்னு ஒட்டியிருக்கிறது எல்லா வோல்டேஜையும் சேர்த்து சார். உங்க கார்டும் ப்ராசசரும் திங்கறது பன்னிரண்டு வோல்ட்டை மட்டும். பழைய பவர் சப்ளைல அதுக்கு முந்நூறு வாட் வந்தாலே பெரிசு."

"அப்ப புதுசு எவ்வளவு வாட் வாங்கட்டும்?"

"அது பொறுத்தது சார்."

"எதைப் பொறுத்தது?"

"எல்லாத்தையும் பொறுத்தது" என்று சொல்லிவிட்டு, வராத ஒரு போனை எடுத்துப் பேச ஆரம்பித்தார்.

மதியம் கம்ப்யூட்டர் கடைத் தெருவில் ஏறி இறங்கினேன். முதல் கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "ஆயிரம் போடுங்க சார். நிம்மதியாத் தூங்கலாம்."

"ஆயிரமும் கரண்ட் இழுக்குமே?"

"தேவைப்படறதைத்தான் இழுக்கும்."

"அப்ப எழுநூறு போதுமா?"

"அதுலயும் தூங்கலாம்."

"ஐநூறு?"

"தூங்கலாம் சார். ஒரு கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு."

இரண்டாவது கடைக்காரர் வாட்டைப் பற்றிப் பேசவே விடவில்லை. "நம்பரை யாரு வேணும்னாலும் அச்சடிக்கலாம். கையில வாங்கிப் பாருங்க" என்று இரண்டு கையிலும் இரண்டு பவர் சப்ளையைக் கொடுத்தார். "எது கனம்?" நான் தராசு மாதிரி நின்றேன். இடது கை என்றேன். "இப்ப உங்களுக்கே புரிஞ்சிருக்கும்" என்றார். எனக்குப் புரிந்தது, இடது கை வலிக்கிறது என்பது மட்டும்தான். மூன்றாவது கடையில் இருந்தவர், கார்டே எரிந்திருந்தால் பவர் சப்ளை எதற்கு, முதலில் கார்டைப் பாருங்கள் என்றார். கார்டைப் பார்க்க நல்ல பவர் சப்ளை வேண்டுமே என்றேன். "அதான் சார் பிரச்சினை" என்று என்னோடு சேர்ந்து வருத்தப்பட்டார்.

பஸ்சில் வரும்போது இணையத்தில் ஒரு குழுவில் கேள்வியைப் போட்டேன். இறங்குவதற்குள் நாற்பது பதில். முதலில் இரண்டு பேர் பதில் சொல்லியிருந்தார்கள். மற்றவர்களெல்லாம் அந்த இரண்டு பேருடைய குடும்பங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைந்து சின்ன அறையை எட்டிப் பார்த்தேன். கட்டில் மேல் அத்தையின் பெட்டி திறந்து கிடந்தது. விமானத்தைத் திருப்புகிற அந்தக் கைப்பிடியைத் துண்டில் சுற்றி, குழந்தையைப் படுக்கவைக்கிற மாதிரி அதில் வைத்திருந்தார். பக்கத்தில் ஹெட்போன், வயர் அழகாகச் சுருட்டியபடி.

"என்ன அத்தை இது?"

"தூசி படியுதே, உள்ள வைப்போம்னு."

"ஊருக்குக் கிளம்பறீங்களா?"

"பார்க்கலாம் மாப்பிள்ளை. நீங்க முதல்ல முகம் கழுவிட்டு வாங்க, வேர்த்துக் கொட்டுது."

முகம் கழுவினேன். திரும்ப வந்து எட்டிப் பார்த்தேன். கூடத்தில் உட்கார்ந்தேன், எழுந்தேன். தண்ணீர் குடித்தேன். இன்னொரு தரம் எட்டிப் பார்த்தேன். "கூடத்துக்கும் அறைக்கும் பஸ் விட்டிருக்காங்களா?" என்றாள் மனைவி.

"உங்க அம்மா போறாங்களா, இருக்காங்களா? நீ கேட்டுச் சொல்லேன்."

"நீங்க கேளுங்க. உங்க மேலதான் அவங்களுக்கு மரியாதை."

"அந்த மரியாதைதான் பதிலே சொல்ல விடமாட்டேங்குது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேருமாகக் கிளம்பிவிட்டோம். அத்தையையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்பது என் யோசனை. அவருடைய கம்ப்யூட்டர், அவரே தேர்ந்தெடுக்கட்டும் என்று. பஸ்சில் நான் முன்னால், அவர்கள் இருவரும் பின்னால். நான் கேட்டது மனைவி வழியாகப் பின்னால் போயிற்று; பதில் அதே வழியாகத் திரும்பி வந்தது.

"எவ்வளவு வாட் வேணும்னு கேக்கறாரும்மா."

"மாப்பிள்ளைக்கு எது சரின்னு படுதோ."

"உங்களுக்கு எது சரின்னு படுதோங்கறாங்க."

"காதுல விழுந்தது."

கடைக்குள்ளும் இதே தபால் சேவை நடந்தது. அலமாரியில் பவர் சப்ளைப் பெட்டிகள் வாட் வரிசைப்படி அடுக்கியிருந்தன. நான் ஒன்றை எடுப்பேன், மனைவியிடம் காட்டுவேன், அவள் அம்மாவிடம் காட்டுவாள், அவர் தலையை ஆட்டுவார். எதற்கும் ஒரே ஆட்டு. நாலாவது பெட்டியில் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு, காது இருக்கு. நடுவுல நான் எதுக்கு? நான் வெளிய போய் நிக்கறேன். முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க." கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போயே போய்விட்டாள்.

இத்தனை வருடத்தில் நானும் அத்தையும் தனியாக ஒரு இடத்தில் நின்றதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டு பேரும் பவர் சப்ளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஐநூறு வாட் பெட்டியை எடுத்தேன். "இது போதுமா அத்தை?"

"நல்லாத்தான் இருக்கு."

ஆயிரத்திருநூறை இரண்டு கையாலும் தூக்கினேன். "இது?"

"இதுவும் நல்லாயிருக்கு."

"அத்தை, இது தெருவுக்கே விளக்குப் போடும். அது உங்க கம்ப்யூட்டருக்கே போதுமான்னு சந்தேகம். ரெண்டும் எப்படி நல்லாயிருக்கும்?"

அவர் தரையைப் பார்த்துச் சிரித்தார். என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மச்சான்.

"மாப்ள, அம்மா போனை எடுக்க மாட்டேங்கறாங்க. நான் வீட்டுக்காரர் வாசல்ல நிக்கறேன். மனுஷன் சாவியைக் கையில வெச்சு ஆட்டிக்கிட்டே இருக்கார். வர்றாங்களா இல்லையா? ஒரே வார்த்தை சொல்லு."

"அது வந்து... பொறுத்தது மச்சான்."

"எதைப் பொறுத்தது?"

எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. "கொஞ்ச நேரம் குடு, கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டேன். ஆயிரத்திருநூறை அலமாரியில் வைக்க மறந்து, அதை மார்போடு அணைத்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பினேன்.

"அத்தை, எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. தெரிஞ்ச மாதிரி நின்னேன். நேத்து முழுக்க ஊரெல்லாம் கேட்டுப் பார்த்தேன், ஒருத்தரும் நேராச் சொல்லலை. நான் பழசே போதுமான்னு கேட்டப்ப, போதாதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

கடைக்காரர் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். அத்தை முந்தானையை இழுத்துச் சரிசெய்தார். சரியாக இருந்ததை இன்னொரு தரம் சரிசெய்தார்.

"தெரியும்" என்றார்.

"அந்த ஒட்டு வயர்?"

"அதுவும் தெரியும். எங்க கூட்டத்துல ரெண்டு மூணு பேரு அதைப் போட்டே எரிச்சிருக்காங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை!"

"எப்படி மாப்பிள்ளை சொல்றது?" இப்போது அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். குரலும் வேறாக இருந்தது. அந்த டிரைவர்கள் ஏன் குனிந்துகொண்டு போனார்கள் என்று லேசாகப் புரிந்தது. "டிப்போல அது என் நாற்காலி. அங்க சொன்னேன். உங்க வீட்டுல உட்கார்ந்துக்கிட்டு, நீங்க ஆசையா வாங்கிக் குடுத்ததுக்கு, இது போதாது, அதை மாத்துன்னு சொல்லிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?"

"அது உங்க வீடும்தானே அத்தை?"

"எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. என் மகனும் போன்ல இதே வார்த்தையைத்தான் சொன்னான்."

அவர் என் கையிலிருந்த ஆயிரத்திருநூறை வாங்கி அதன் இடத்தில் வைத்தார். வரிசையில் விரலை ஓட்டி, ஒரு பெட்டியை உருவி, பின்பக்கத்தைத் திருப்பி, பன்னிரண்டு வோல்ட்டுக்கு எவ்வளவு என்று படித்துப் பார்த்தார்.

"எழுநூத்தம்பது. இது போதும். கார்டு ஓடிக்கிட்டிருக்கும்போது திடீர்னு ஒரு இழுப்பு இழுக்கும், கண்ணிமைக்கற நேரம்தான், கிட்டத்தட்ட ரெண்டு பங்கு இழுத்துடும். நீங்க கூட்டின கணக்குல அது வரலை. எட்டு முனை வயர் இதுலயே வருது."

"கார்டு உயிரோட இருக்குமா?"

"மாட்டிப் பார்த்தாத்தான் தெரியும். போயிருந்தா போயிருக்கும்."

போயிருந்தா போயிருக்கும். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அந்தத் தைரியத்தில் வாயைத் திறந்தேன்.

"அத்தை, நீங்க எங்களோட இருக்கணும்னு எனக்கு ஆசை. அதைச் சொல்ல வாய் வராமத்தான் அந்தக் கார்டையே வாங்கினேன். மச்சான் அங்க வாசல்ல நிக்கறான். எங்களுக்காகப் பார்க்காதீங்க, அவனுக்காகவும் பார்க்காதீங்க. அவன் வீடா, எங்க வீடா?"

கடைக்காரரின் துணி அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே மனைவி இரண்டு கையையும் புருவத்துக்கு மேல் வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை எழுநூற்றைம்பதை அக்குளில் இடுக்கிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"ரெண்டும் வேண்டாம் மாப்பிள்ளை. எனக்குத் தனியா ஒரு வீடு வேணும். ஒரு அறை இருந்தாலும் போதும், கதவுக்குச் சாவி என்கிட்ட இருக்கணும். உங்க தெருவுலயே பாருங்க. தினமும் வாங்க, ரெண்டு பேரும் வாங்க, போன் பண்ணிட்டு வாங்க. ஆனா என் கம்ப்யூட்டர்ல மட்டும் நீங்க கை வைக்கக் கூடாது."